பெயரற்ற தகடும் பெயரிடும் அதிகாரமும்

1

எங்கள் மங்களூர் கர்நாடகத்தில் இல்லை. கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்துக்கு மேற்கே, மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற மானாவாரி மண்ணில் இருக்கிறது. ஒன்றியத்துக்கு இந்தப் பெயர்தான். 2008 தொகுதி மறுவரையறைக்கு முன்பு இதே பெயரில் ஒரு தனித் தொகுதியும் இருந்தது. தொல். திருமாவளவன் 2001ல் முதன்முதலாகச் சட்டமன்றத்துக்குப் போனது அதிலிருந்துதான். பிறகு தொகுதி திட்டக்குடி என்றாகிவிட்டது. இப்போது கம்ப்யூட்டரில் மங்களூர் என்று அடித்தால் கடற்கரையும் துறைமுகமும்தான் முதலில் வந்து நிற்கின்றன. பெயர் இருந்தும் பட்டியலில் இன்னொருவராக மாறிப்போவது எங்களுக்குப் பழகிய விஷயம். சி.டி.களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது பற்றிய கட்டுரையை இப்படித் தொடங்குவது சுற்றுவழி மாதிரி தெரியலாம். ஆனால் நான் போய்ச் சேர்ந்த வழி இதுதான்.

என் சித்தப்பா காலனியில் மைக்செட் வைத்திருந்தவர். நாலு குழாய், ரெண்டு பாக்ஸ், ஒரு ஆம்ப்ளிஃபயர், விருத்தாசலம் சூளையில் சுட்ட பீங்கான் பியூஸ் கட்டைகள் ஒரு சாக்கு. இவற்றோடு முப்பது வருஷம் ஊர் ஊராகச் சைக்கிளிலும் பிறகு டி.வி.எஸ். 50யிலும் போய்வந்தவர். பென் டிரைவ் வந்த பிறகு தொழில் படுத்துவிட்டது. மிஞ்சியது நானூற்றுச் சொச்சம் சி.டி. ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்: "பூசணம் பூத்து வீணாப் போவுதுடா. நீ எம்.ஏ. படிச்சவன். கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடு."

தமிழ் எம்.ஏ.வுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது சிரித்துக்கொண்டேன். நல்ல மென்பொருள் ஒன்றைப் பிடித்தால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்றும் நினைத்தேன். எட்டு மாதம் ஆயிற்று. எந்த மென்பொருள் என்ற கேள்வி, பாட்டுக்கு யார் பெயர் வைப்பது, எந்த வரிசையில் அடுக்குவது, யாருடைய பெயருக்குக் கட்டம் உண்டு, யாருக்கு இல்லை என்ற கேள்வியாகிவிட்டது. சம்பந்தம் அங்கேதான் இருந்தது.

2

முதலில் தகடுகளைப் பிரித்தாக வேண்டும். குவியலில் மூன்று வகை இருந்தன. கம்பெனி அச்சிட்ட ஆடியோ சி.டி.கள் அறுபது தேறும். 'நூறு பாட்டு', 'நூற்றைம்பது பாட்டு' என்று அட்டை போட்டு பஸ் ஸ்டாண்டில் விற்ற எம்.பி.3 தகடுகள்தான் பெரும்பான்மை. மூன்றாவது, உள்ளூரில் பதிவு செய்து எழுதிய தகடுகள். அவற்றில் கூத்து, ஒப்பாரி, பறை, கூட்டங்களில் பாடிய பாட்டுகள்.

எம்.பி.3 தகட்டில் இருப்பது ஏற்கனவே சுருக்கப்பட்ட கோப்பு. அதை அப்படியே நகலெடுத்தால் போதும். பெரிய வடிவத்துக்கு மாற்றினால் தரம் கூடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். சக்கையைக் கட்டாகக் கட்டி வைத்தாலும் பிழிந்த சாறு திரும்பாது.

ஆடியோ சி.டி. விஷயம் வேறு. 1982ல் பிலிப்சும் சோனியும் சந்தைக்குக் கொண்டுவந்த இந்தத் தகட்டில் நாம் பழகிய அர்த்தத்தில் கோப்புகளே கிடையாது. வினாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில், இரண்டு தடங்களில் எழுதிய எண்களின் ஓட்டம் அது. ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 மெகாபைட். கீறல் விழுந்த இடத்தில் பிளேயர் முதலில் தகட்டிலேயே உள்ள திருத்தக் குறிகளை வைத்துச் சரிசெய்யப் பார்க்கும். முடியாவிட்டால் முன்னும் பின்னும் உள்ள எண்களைப் பார்த்து நடுவில் ஒன்றை ஊகித்துப் போட்டுவிடும். காதுக்குத் தெரியாது. கேட்பதற்கு இது சௌகரியம். ஆவணமாக்க வருகிறவனுக்கு இது மோசடி. இல்லாத இடத்தை இருப்பதாகக் காட்டுகிற மௌனம்.

கம்ப்யூட்டரோடு வருகிற சாதாரண மென்பொருள்களை வேகமாக ஓட்டினால் இந்த மௌனத்தை அப்படியே வாங்கிக்கொள்கின்றன. ஜெர்மனியில் ஆந்த்ரே வீத்தாஃப் 1998ல் வெளியிட்ட எக்ஸாக்ட் ஆடியோ காப்பி வேறு மாதிரி வேலை செய்கிறது. ஒரே பகுதியைத் திரும்பப் படித்து ஒப்பிடுகிறது. ஒத்துவராத இடத்தில் மீண்டும் மீண்டும் படிக்கிறது. அப்படியும் சரிவராவிட்டால், இன்ன பாட்டில் இன்ன நிமிடத்தில் சந்தேகம் என்று அறிக்கையில் எழுதிவைக்கிறது. நம் பதிப்பாசிரியர்கள் ஏட்டில் சிதைந்த இடத்துக்குப் புள்ளி வைத்தார்களே, அந்த நேர்மை. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு சிடிபாரனோயாவும் அதன் வழிவந்த விப்பரும் இதே வேலையைச் செய்கின்றன. வீத்தாஃபின் மென்பொருள் இலவசம்தான், திறந்த மூலம் அல்ல. சிடிபாரனோயா திறந்த மூலம்.

உருவி எடுத்தது சரிதானா என்று பார்க்க ஆக்யுரேட்ரிப் என்ற பொதுப் பட்டியல் உண்டு. உலகத்தில் அதே தகட்டை உருவிய மற்றவர்களின் விடையோடு நம் விடையை அது ஒப்பிட்டுச் சொல்லும். எனக்குப் பெரும்பாலும் கிடைத்த பதில், இந்தத் தகடு பட்டியலில் இல்லை என்பதே. ஒப்பிட ஆள் இல்லாதவன் தன்னோடுதான் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை உருவி, சரிபார்ப்பு எண் இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தேன். சேமிப்பதற்கு ஃபிளாக். 2001ல் வந்த இது ஒன்றையும் இழக்காமல் அளவைப் பாதிக்குப் பக்கமாகக் குறைக்கிறது. இதன் செயல்முறை எல்லோருக்கும் திறந்தது; 2024ல் இணையத்தின் பொதுத் தரமாகவும் எழுதி வெளியிடப்பட்டிருக்கிறது. எம்.பி.3க்கு உரிமக் கட்டணம் வசூலிக்கும் திட்டம் 2017ல்தான் முடிவுக்கு வந்தது என்பதையும் சேர்த்து யோசித்தால், எந்தப் பாத்திரத்தில் ஊற்றி வைக்கிறோம் என்பதும் அரசியல்தான் என்பது விளங்கும்.

3

உருவி முடித்ததும் திரையில் வந்தது: டிராக் 01, டிராக் 02, டிராக் 03. பாட்டின் பெயரோ பாடியவர் பெயரோ ஒன்றும் இல்லை. கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்தேன். கெடவில்லை. சி.டி.யை வடிவமைத்தவர்கள் அதில் பெயருக்கு இடமே வைக்கவில்லை. எத்தனை பாட்டு, ஒவ்வொன்றும் எங்கே தொடங்குகிறது என்ற கணக்கு மட்டும், வினாடியை 75ஆகப் பிரித்து எழுதியிருக்கும். பெயர்களைத் தகட்டிலேயே எழுதும் வசதி 1996ல் வந்தது. கம்பெனிகள் அதை அதிகம் சட்டை செய்யவில்லை. எங்கள் அறுபதில் ஒன்றிலும் இல்லை.

குரலைத் தகட்டில் அடைக்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்தப் பிரச்சினை இருக்கிறது. 1902ல் கிராமபோன் கம்பெனிக்காக ஃபிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து பதிவுசெய்தபோது, கௌஹர் ஜான் பாட்டு முடிகிற இடத்தில் தன் பெயரைத் தானே ஆங்கிலத்தில் சொல்வார். பதிவு கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவர் ஆலைக்குப் போய்த் தகடாக வரவேண்டும். அங்கே லேபிள் ஒட்டுகிறவர்களுக்கு யார் பாட்டு என்று தெரிய வேண்டும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். பெயரை எழுத ஆளில்லாத இடத்தில் குரலே தன் பெயரைச் சுமந்துகொண்டு போயிற்று.

எல்லாக் குரலுக்கும் அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. 1949ல் வந்த 'மஹல்' இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாட்டு ரெக்கார்டில் பாடியவர் பெயராக இருந்தது படத்தில் வரும் பாத்திரத்தின் பெயர். பாடிய லதா மங்கேஷ்கரின் பெயர் அல்ல. கேசட் காலத்தில் நம் ஊர்களில் ரெக்கார்டிங் சென்டர்கள் முளைத்தன. வெற்றுக் கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்தால் எல்.பி.யிலிருந்து பதிந்து தருவார்கள். சி.டி.யை உருவும் கலாச்சாரம் இந்த மென்பொருள்களோடு வந்ததாக நினைக்கத் தேவையில்லை. விருத்தாசலம் கடைவீதியில் அது முன்பே நடந்தது. கேசட் அட்டையில் பெயர்களைக் கோடு போட்டு எழுதியது கடைக்காரப் பையன். அவனுக்குத் தெரிந்த பெயர் தப்பும் தவறுமாக இருந்தாலும் அது வாடிக்கையாளரின் பெயர், கேட்பவரின் பெயர்.

பெயரில்லாத சி.டி.க்கும் இப்படித்தான் கேட்பவர்களே பெயர் வைத்தார்கள். 1993ல் டி கான் என்ற பொறியாளர் எக்ஸ்எம்சிடி என்று ஒரு சி.டி. பிளேயர் மென்பொருள் எழுதினார். பாட்டுகளின் தொடக்க நேரங்களை வைத்து ஒரு கணக்குப் போட்டால் ஒரு எண் வரும். அதுவே தகட்டின் அடையாளம். வாங்கியவர்கள் அட்டையைப் பார்த்துப் பெயர்களைத் தட்டெழுதி அனுப்பினார்கள். ஸ்டீவ் ஷெர்ஃப் அதை இணையத்தில் எல்லோரும் எடுத்துக்கொள்ளும் பட்டியலாக்கினார். சிடிடிபி என்று பெயர். கூலி வாங்காமல் ஆயிரக்கணக்கானவர்கள் எழுதிய ஊர்ப் பொது ஏடு.

அடுத்து நடந்தது நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. 1998ல் அது ஒரு கம்பெனிக்கு விற்கப்பட்டது. 2000ல் கிரேஸ்நோட் என்று பெயர் மாறியது. மென்பொருள் எழுதுகிறவர்கள் உரிமம் பெற்றுத்தான் பயன்படுத்த முடியும் என்றானது. மேய்ச்சல் புறம்போக்குக்குப் பட்டா வாங்கி வேலி போடுவதற்கும் இதற்கும் வித்தியாசம் என்ன? 2008ல் அந்தப் பட்டியலை 26 கோடி டாலருக்கு வாங்கிய கம்பெனி சோனி. பெயருக்கு இடமில்லாத தகட்டை உருவாக்கியவர்களில் ஒருவர், கேட்பவர்கள் சும்மா எழுதிக்கொடுத்த பெயர்களை விலைக்கு வாங்கினார்.

எதிர்ப்பும் இருந்தது. பழைய பட்டியலைக் கொண்டு ஃப்ரீடிபி என்ற இலவசப் பட்டியலைத் தொடங்கினார்கள். அதுவும் 2006ல் ஒரு கம்பெனி கைக்குப் போய் 2020ல் மூடப்பட்டது. 2000ல் ராபர்ட் கேய் தொடங்கிய மியூசிக்பிரைன்ஸ் மட்டும் வேறு வழியில் போனது. 2004ல் லாபநோக்கற்ற அறக்கட்டளையாகி, அடிப்படைத் தரவுகளை யாருக்கும் உரிமையில்லாத பொதுச்சொத்தாக எழுதிவைத்துவிட்டது. யார் வாங்கினாலும் வேலி போட முடியாது. அதன் பட்டியலிலிருந்து பெயர் எடுத்துக் கோப்பில் எழுதும் மென்பொருள் பிகார்ட். எங்கள் அறுபதில் பதினேழு தகடுகள் அதில் கிடைத்தன. மீதியை நான் எழுதிச் சேர்த்தேன். பெயரிடும் அதிகாரத்தை எதிர்ப்பதற்கு முதல் வழி பெயரிடுவதுதான்.

4

எழுத உட்கார்ந்தபோதுதான் கட்டங்கள் குறுக்கே வந்தன. 1996ல் எரிக் கெம்ப் எம்.பி.3 கோப்பின் வாலில் 128 பைட் இடத்தில் ஒரு சீட்டு ஒட்டினார். பாட்டின் பெயருக்கு 30, கலைஞருக்கு 30, தொகுப்புக்கு 30, குறிப்புக்கு 30, ஆண்டுக்கு 4, வகைக்கு ஒரே ஒரு பைட். தமிழுக்கு அதில் வழியே இல்லை. இன்றைய முறையில் யூனிக்கோடு குறி ஒன்றுக்கு மூன்று பைட் என்று தாராளமாக வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 'விஸ்வநாதன்' என்ற பெயர் மட்டும் சரியாக 30 பைட்டை நிரப்பிவிடுகிறது. ராமமூர்த்திக்கு இடமில்லை. அவர்கள் பிரிந்தது 1965ல். கட்டம் அதற்கு முந்தைய பாட்டுகளிலும் அவர்களைப் பிரிக்கும்.

பிறகு வந்த சீட்டுகள் பெரியவை. அவற்றில் தமிழ் எழுதலாம், பாடலாசிரியருக்கும் இடம் உண்டு. ஆனால் பழைய சீட்டின் மனோபாவம் போகவில்லை. வகைப் பட்டியலில் முதலில் இருந்தவை 80. ராக் இசையின் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் எல்லாம் தனித்தனியாக இருக்க, எங்கள் பறைக்கும் ஒப்பாரிக்கும் கூத்துக்கும் கிடைப்பது 'இனக்குழு இசை' அல்லது 'இதர'. ஃபூக்கோ சிரித்த அந்தப் போர்ஹேயின் சீனக் கலைக்களஞ்சியம் இதைவிட ஒழுங்கானது.

'கலைஞர்' என்ற கட்டமும் அப்படித்தான். சினிமாப் பாட்டில் யார் கலைஞர்? சித்தப்பாவுக்கு அது எம்.ஜி.ஆர். பாட்டு. கம்பெனிக்கு இசையமைப்பாளர் பாட்டு. மென்பொருளுக்குப் பாடகர் பாட்டு. எழுதியவர்? இன்குலாப் எழுதி, கே.ஏ. குணசேகரன் மேடை மேடையாகப் பாடிப் பரப்பிய 'மனுசங்கடா' பாட்டு எங்கள் குவியலில் ஒரு எம்.பி.3 தகட்டில் இருந்தது. கோப்பின் பெயர் 'சாங் 47'. பெயரை 'குடும்பப் பெயர், முதல் பெயர்' என்று திருப்பிப் போட்டு அடுக்குகிற மென்பொருளுக்கு எம்.எஸ். சுப்புலட்சுமியின் 'எஸ்' அம்மா சண்முகவடிவு என்பதும், கே.பி. சுந்தராம்பாளின் 'பி' அம்மா பாலாம்பாள் என்பதும் தெரியாது. தாயின் பெயரை முதலெழுத்தாகக் கொண்ட அந்தப் பெண்களின் சமூக வரலாறு ஒரு காற்புள்ளிக்குப் பின்னால் போய்விடுகிறது.

இங்கேதான் எனக்குப் பாடப் புத்தகம் ஞாபகம் வந்தது. பரிபாடலின் அடிக்குறிப்பில் பாடியவர் பெயர் இருக்கும். இசை வகுத்தவர் பெயர் தனியாக இருக்கும். பண்ணின் பெயரும் இருக்கும். ஆக மூன்று கட்டங்கள். புறநானூற்றில் பாடியவர், பாடப்பட்டவர், திணை, துறை. அகத்தொகைகளைப் பாட்டின் நீளத்தை வைத்தே பிரித்தார்கள்: குறுந்தொகைக்கு 4 முதல் 8 அடி, நற்றிணைக்கு 9 முதல் 12, அகநானூற்றுக்கு 13 முதல் 31. தேவாரத்துக்கு இரண்டு வரிசை உண்டு. பண்முறையில் அடுக்கினால் ஒரே பண்ணில் அமைந்தவை ஒன்றாக வரும். தலமுறையில் அடுக்கினால் எங்கள் பக்கத்துத் திருமுதுகுன்றத்தைப் பாடிய மூவர் பதிகங்களும் ஒரே இடத்தில் வரும். ஒரு பொருளுக்குப் பல வரிசை இருக்கலாம் என்பது மென்பொருள் நமக்குச் சொல்லித்தர வேண்டிய பாடம் அல்ல.

'எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது' என்று புளகாங்கிதம் அடைய நான் வரவில்லை. பரிபாடலில் இசை வகுத்தவருக்குக் கட்டம் இருந்தது; உடன் வாசித்தவருக்கு இல்லை. புலவர் பெயர் நின்ற அளவுக்குப் பாணர் பெயரும் விறலியர் பெயரும் நிற்கவில்லை. எந்தத் தொகுப்பும் ஒரு கதவைத் திறக்கும்போது இன்னொன்றைச் சாத்துகிறது. எந்தக் கதவு யார் மேல் சாத்தப்படுகிறது என்று பார்ப்பதுதான் நம் வேலை.

5

சித்தப்பாவிடம் ஒரு வரிசை இருந்தது. அதை நான் மூன்றாம் மாதம்தான் கவனித்தேன். உறைகளின் மேல் மார்க்கர் பேனாவில் எழுதியிருந்தார்: விடியகாலம், கல்யாணம், காதுகுத்து, சடங்கு, சாவு, சாவு பதினாறு. சிலவற்றில் ஓரத்தில் 'கா' என்றும் சிலவற்றில் 'ஊ' என்றும் இருந்தது. காலனி, ஊருத் தெரு. யார் பாடினார்கள் என்பதைவிட, எங்கே எப்போது போடலாம் என்பதே அவருடைய பட்டியல். தப்பான தெருவில் தப்பான பாட்டு ஒலித்தால் என்ன நடக்கும் என்று தெரிந்த ஒருவரின் வரைபடம் அது.

ஒரு தகட்டில் பெரிய எழுத்தில் 'போடாத' என்று இருந்தது.

"இது என்னா சித்தப்பா?"

"அது ஒரு தேரு அன்னிக்கிப் போட்ட பாட்டு. கேட்டுப்புட்டு வந்து கொளாய அவுத்துக் கெணத்துல போட்டுட்டாங்க."

"அப்பறம் எதுக்கு இத வச்சிருக்கீங்க?"

"போடாதன்னுதான எழுதியிருக்கன். தூக்கிப் போடுன்னு எழுதலயே."

சட்டத்துக்கும் சித்தப்பாவின் வரிசைக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் தன் 52ஆம் பிரிவில், சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. தான் வாங்கிய தகட்டைத் தனக்காக உருவிக்கொள்பவன் நிற்கிற இடம் அது. அதே பிரிவு மதச் சடங்குகளில் பாட்டுப் போடுவதையும் விலக்குகிறது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டமும் அதில் அடக்கம் என்று விளக்கமும் சொல்கிறது. சட்டமும் பாட்டைச் சந்தர்ப்பத்தால்தான் பிரிக்கிறது. சாவை அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை.

ஆக, நான் மென்பொருளைத் தேர்ந்தெடுத்த விதி இப்படி முடிந்தது: சித்தப்பாவின் மார்க்கர் பேனாவுக்கு எது இடம் தரும்? அழகான அட்டைப்படம் காட்டுகிற பல மென்பொருள்கள் இங்கே தோற்றன. அவை கொடுத்த கட்டங்களுக்குள்தான் எழுத வேண்டும். ஃபிளாக் கோப்பின் சீட்டில் நாமே புதுக் கட்டம் போட்டுக்கொள்ளலாம். 'சந்தர்ப்பம்', 'தெரு', 'பறை அடித்தவர்', 'போடலாமா' என்று நாலு கட்டம் சேர்த்தேன். எம்.பி.3களிலும் பிற்காலச் சீட்டுகளில் இதற்கு வழி உண்டு. ஃபூபார்2000 மாதிரியான பிளேயர்கள் அந்தக் கட்டங்களையே பத்திகளாகக் காட்டி, அதன்படி அடுக்கியும் தருகின்றன. ஒரு வேடிக்கை: ஃபிளாக் விதிப்படி கட்டத்துக்குள் எழுதுவது தமிழில் இருக்கலாம், கட்டத்தின் தலைப்பு மட்டும் ரோமன் எழுத்தில்தான் இருக்க வேண்டும். உள்ளே குடியிருக்கலாம், வாசலில் பெயர்ப் பலகை மாட்டக்கூடாது. இதையும் குறித்துவைத்தேன்.

கடைசியாக மிஞ்சியது ஒரு உள்ளூர்த் தகடு. இருபது வருஷத்துக்கு முந்தைய ஒரு சாவில் பதிந்த ஒப்பாரி. உறையில் 'சாவு' என்று மட்டும் எழுதியிருக்கிறது. பாடியவர் கட்டம் காலி. குறுந்தொகையைத் தொகுத்தவர்கள் பெயர் தெரியாத புலவருக்குப் பாட்டில் வருகிற ஒரு தொடரையே எடுத்துச் செம்புலப்பெயல்நீரார் என்று பெயர் சூட்டினார்கள். அதேபோல அந்த ஒப்பாரியிலிருந்து ஒரு சொல்லை எடுத்து வைத்துவிடலாம் என்று எம்.ஏ. புத்தி சொன்னது. அழகாக இருக்கும். கட்டுரைக்கும் உதவும்.

ஆனால் அந்தத் தொகுப்பாளர்களுக்குக் கேட்பதற்கு ஆள் இல்லை. எனக்கு இருக்கிறது. கேட்டதும் சித்தப்பா குரலைக் கண்டுபிடித்துவிட்டார். அந்த அம்மா இன்னும் இருக்கிறார், ஒரு டவுன் பஸ் தூரத்தில். பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து எழுதிவிடுகிற விஷயமும் இல்லை. தன் பெயரும் தன் அழுகையும் உலகத்துக்கெல்லாம் திறந்த பட்டியலில் இருக்க வேண்டுமா என்று அவர்தான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் அந்தக் கட்டம் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டும் நிரம்பும். பொதுவாக்குவதும் ஒருவகை வேலியாகிவிடக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை போகிறோம். சித்தப்பாவும் வருகிறார். பழைய ஆம்ப்ளிஃபயர் வேண்டாம், செல்போனிலேயே போட்டுக் காட்டலாம் என்றேன். கேட்கவில்லை. பியூஸ் கட்டையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.